எலுமிச்சையில் துளிரைக் கவனியுங்கள்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, புளியங்குடி பக்கம் இரண்டு ஏக்கர் எலுமிச்சை. இலை மஞ்சளாகிறது, துத்தநாகம் தெளித்தும் மாறவில்லை. பசுமை நோயா?

பதில்: ஒரு இலையைப் பறித்து நடுநரம்புக்கு இரண்டு பக்கமும் பாருங்கள் தம்பி. இரண்டும் ஒரே மாதிரி மஞ்சள் என்றால் பெரும்பாலும் சத்துக் குறைவுதான். இந்தப் பக்கம் ஒரு தினுசு, அந்தப் பக்கம் வேறு தினுசு என்று திட்டுத்திட்டாக இருந்து, அதுவும் ஒரே ஒரு கிளையில் தொடங்கியிருந்தால் பசுமை நோயாக இருக்கலாம். கண்ணால் பார்த்து முடிவு கட்ட வேண்டாம், வன்னிக்கோனேந்தல் எலுமிச்சை ஆராய்ச்சி நிலையத்தில் இலையைக் காட்டிக் கேளுங்கள்.

கேள்வி: உறுதியானால் மருந்து உண்டா?

பதில்: குணப்படுத்தும் மருந்து கிடையாது. மரத்தை எடுத்துவிட வேண்டும், ஆனால் முதலில் பூச்சிமருந்து அடித்துவிட்டு எடுங்கள், இல்லையென்றால் அதிலிருக்கும் சில்லிட் பூச்சியெல்லாம் (இந்த நோயைப் பரப்புகிற, சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி) அடுத்த மரத்துக்குப் போய்விடும். காய்க்கிற மரத்தை வெட்ட மனசு வராது, தெரியும். நானும் ஒரு வருடம் தள்ளிப்போட்டு, பக்கத்தில் இருந்த நாலு மரத்தைச் சேர்த்து இழந்தேன். அமெரிக்காவில் புளோரிடாவைப் பாருங்கள்: 2005-ல் நோய் தெரிந்தது, அதற்கு முன் 2003-04-ல் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு எடுத்த மாநிலம், 2023-24-ல் 2 கோடிக்கும் கீழே வந்துவிட்டது. புயல்களும் அடித்தன, ஆனால் பெரிய அடி இந்தச் சின்னப் பூச்சி கொண்டுவந்த நோய்தான்.

கேள்வி: மாதம் ஒருமுறை தவறாமல் மருந்து அடிக்கிறேன், பூச்சி குறையவில்லையே?

பதில்: தேதி பார்த்து அடிக்காதீர்கள், துளிர் பார்த்து அடியுங்கள். சில்லிட் இளந்துளிரில்தான் முட்டையிடும், முற்றிய இலையில் இடாது. மழைக்குப் பின்னாலோ தண்ணீர் பாய்ச்சிய பின்னாலோ துளிர் கிளம்பும்போது தோட்டத்தில் நடந்து, வாலைத் தூக்கிச் சாய்வாக உட்கார்ந்திருக்கும் பழுப்புப் பூச்சியைத் தேடுங்கள். இருந்தால் அப்போதே வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு தெளியுங்கள். கடும் விஷத்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் சில்லிட் குஞ்சுகளைத் தின்னும் பொறிவண்டும், அவற்றின் மேல் முட்டையிடும் குட்டிக் குளவியும் முதலில் செத்துப்போகும்.

கேள்வி: வேலியோரம் கறிவேப்பிலை நிற்கிறது, வைத்துக்கொள்ளலாமா அண்ணே?

பதில்: தோட்டத்துக்குள் வேண்டாம். சில்லிட் அதிலும் நன்றாகப் பெருகும்.

கேள்வி: இலையில் பாம்பு நெளிந்த மாதிரி வெள்ளிக் கோடு, காயில் சொறி. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. கோடு போடுவது இலைத்துளைப்பான் புழு. அது கிழித்த காயத்தின் வழியாகச் சொறிநோய்க் கிருமி சுலபமாக உள்ளே போகிறது. காய்ந்த நாளில் சொறிக் கிளைகளை வெட்டி எரித்துவிட்டு, காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் தெளியுங்கள். அப்புறம், புதுக் கன்று வாங்குவதானால் பூச்சி வலைக்குள் வளர்த்ததா என்று நாற்றங்காலுக்கே போய்ப் பார்த்து வாங்குங்கள்.