240 ஹெர்ட்ஸ் மானிட்டரைத் தவணையில் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. தனியாக இருக்கிறேன், சம்பளம் மாதாமாதம் தவறாமல் வருகிறது. இரவில் நண்பர்களோடு ஆன்லைனில் இரண்டு மணி நேரம் துப்பாக்கிச் சண்டை ஆடுவதுதான் ஒரே பொழுதுபோக்கு. இப்போது இருப்பது பழைய 60 ஹெர்ட்ஸ், ஃபுல் எச்டி மானிட்டர். 4கே, 240 ஹெர்ட்ஸ் ஓஎல்இடி மானிட்டர் ஒன்றின் மேல் கண் விழுந்துவிட்டது. விலை என் ஒரு மாதச் சம்பளத்தில் முக்கால் பங்கு. 12 மாதம் வட்டியில்லாத் தவணை உண்டு. சேமிப்பில் இரண்டு மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு நான்கு வருடம் பழசு, நடுத்தர ரகம். பகலில் அலுவலக வேலையும் இதே மேசையில்தான். வாங்கலாமா?

பதில்: விளையாட்டுக்குச் செலவு செய்வதை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் ஐந்து நாள், தினம் இரண்டு மணி என்றால் ஐந்து வருடத்தில் சுமார் 2,500 மணி நேரம். மாதம் 200 மணி நேரம் வேலை பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், இந்த மானிட்டரின் விலை உங்களுடைய 150 மணி நேர உழைப்பு. ஒரு மணி நேர உழைப்புக்குப் பதினாறு மணி நேர ஆட்டம் கிடைக்கிறது. பல பொழுதுபோக்குகளை விட இது மலிவுதான்.

ஆனாலும் இதை இப்போது வாங்காதீர்கள்.

60 ஹெர்ட்ஸ் என்றால் திரை விநாடிக்கு 60 முறை, அதாவது 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறை படத்தை மாற்றுகிறது. 144 ஹெர்ட்ஸில் அது 6.9 ஆகிறது, 240-ல் 4.2. அதாவது 60-லிருந்து 144-க்குப் போனால் ஏறக்குறைய 10 மில்லி விநாடி மிச்சம். அங்கிருந்து 240-க்குப் போனால் மூன்றுகூட இல்லை. மவுஸை வேகமாக வட்டமடித்துப் பாருங்கள். பழைய திரையில் அம்புக்குறி விட்டுவிட்டுத் தெரியும், 144-ல் இடைவெளிகள் நெருங்கிவிடும். முதல் நாளே உங்களுக்குப் புரிகிற வித்தியாசம் இது. அடுத்த படியின் வித்தியாசத்தை அறிய நல்ல பழக்கப்பட்ட கண் வேண்டும். விலையோ அந்த அடுத்த படியில்தான் எகிறுகிறது.

அப்புறம் கார்டு. இதில்தான் பலருக்குக் கை சுடுகிறது. ஃபுல் எச்டி திரையில் சுமார் 21 லட்சம் பிக்சல்கள், 4கே-யில் 83 லட்சம். நான்கு வருடம் பழைய நடுத்தர கார்டு இவ்வளவையும் விநாடிக்கு 240 முறை வரைய முடியாது. மானிட்டர் வந்த இரண்டாவது மாதமே புது கார்டு தேடுவீர்கள், ஒருவேளை பவர் சப்ளையும் சேர்த்து. முக்கால் சம்பளத்தோடு இந்தச் செலவு நிற்காது.

தவணை விஷயத்துக்கு வருவோம். மாதம் சம்பளத்தில் ஆறு சதவீதத்துக்குச் சற்று மேல், பார்க்கச் சின்னத் தொகை. 'வட்டியில்லை' என்றாலும் செயலாக்கக் கட்டணம் உண்டா, மொத்தமாகக் கட்டினால் விலை குறையுமா என்று கேளுங்கள். அந்தத் தள்ளுபடியை இழப்பதும் ஒருவகை வட்டிதான். இதைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் சேமிப்பு. வேலை போனால் இரண்டு மாதம்தான் தாங்கும், தவணை மட்டும் நிற்காது. அவசரத்துக்கு மானிட்டரை விற்கப் போனால் வாங்கிய விலையில் பாதி கிடைப்பதே கஷ்டம்.

ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையின் வண்ணங்கள் அற்புதம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பகல் முழுக்க அலுவலக வேலை என்றால் டாஸ்க்பார் ஒரே இடத்தில் மணிக்கணக்காக நிற்கும். நாளடைவில் அதன் தடம் திரையில் பதிந்துவிடலாம், இதைத்தான் 'பர்ன்-இன்' என்கிறார்கள். புது மாடல்களில் இதைக் குறைக்க ஏற்பாடுகள் உண்டு. என்றாலும் வாரண்டி 'பர்ன்-இன்'னுக்கும் பொருந்துமா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது.

சரி, என்ன செய்யலாம்? 27 இன்ச், 1440பி (ஃபுல் எச்டிக்கும் 4கே-க்கும் இடைப்பட்ட தெளிவு), 144 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை, கார்டின் வேகத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் ஃபிரீசிங்க் வசதியோடு ஐபிஎஸ் (எல்சிடி திரையில் ஒரு வகை) மானிட்டர் பாருங்கள். நீங்கள் குறிப்பிட்ட விலையில் மூன்றில் ஒரு பங்குக்கே நல்லது கிடைக்கும். தவணைக்கென்று நினைத்த அதே தொகையை நான்கு மாதம் எடுத்து வைத்தால் முழுப் பணமும் கையில் இருக்கும். மீதி எட்டு மாதமும் அதே தொகையைச் சேமிப்பில் போட்டால், வருடக் கடைசியில் அரை மாதச் சம்பளம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும்.

வாங்கியதும் விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்ஸுக்குப் போய் ரெஃப்ரெஷ் ரேட்டை, அதாவது அந்த ஹெர்ட்ஸ் எண்ணை, நீங்களே மாற்றுங்கள். என் தம்பி மகன் ஐந்து மாதம் 165 ஹெர்ட்ஸ் மானிட்டரை 60-லேயே ஓட்டிக்கொண்டிருந்தான். காசு கொடுத்தும் பலனை அனுபவிக்கவில்லையே என்று எனக்கே மனசு ஆறவில்லை. பெட்டியில் வரும் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளையே பயன்படுத்துங்கள், பழைய எச்டிஎம்ஐ கேபிள் வேகத்தைக் கட்டிப்போடலாம்.

அதற்கு முன் இன்றிரவே ஒரு சோதனை செய்யுங்கள். கார்டின் வேகத்தைத் திரையின் வேகத்துக்குள் கட்டிப்போடும் விசிங்க் அமைப்பை அணைத்துவிட்டு, நீங்கள் வழக்கமாக ஆடும் விளையாட்டில் எஃப்பிஎஸ் (கார்டு விநாடிக்கு வரையும் படங்கள்) எண்ணைத் திரையின் மூலையில் வரவழையுங்கள். சண்டை உச்சத்தில் இருக்கும்போது அந்த எண் 150-க்குக் குறையாமல் நின்றால், 1440பி-க்குப் போனபின் கொஞ்சம் இறங்கினாலும் புது மானிட்டரின் பலன் கிடைக்கும். 80, 90-க்கு இறங்கினால் முதலில் கிராபிக்ஸ் அமைப்புகளைக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் ஏறவில்லை என்றால், அந்த நான்கு மாதப் பணம் கார்டுக்குப் போகட்டும், மானிட்டர் அடுத்த வருடம்.