கிட்டார் சோலோவுக்காக வாங்கிய பூஸ்ட் பெடலை மிதித்தால் சத்தம் கூடவில்லை, கரகரப்பு மட்டும் கூடுகிறது. பெடல் பழுதா?

பெடல் பழுதில்லை. வைத்திருக்கும் இடம்தான் தப்பு.

நீங்கள் எழுதியிருக்கும் வரிசை: கிட்டார், பூஸ்ட், ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல், பிறகு கரகரப்பில்லாத கிளீன் சேனலில் ஆம்ப். டிஸ்டார்ஷனில் கெயின், அதாவது கரகரப்பின் அளவு, முக்கால்வாசி. இந்த வரிசையில் எந்த பூஸ்டை வைத்தாலும் இதையேதான் செய்யும். சந்தேகமிருந்தால் டிஸ்டார்ஷனை அணைத்துவிட்டு பூஸ்டை மட்டும் மிதித்துப் பாருங்கள். நாப் பாதியில் இருந்தால் போதும், பக்கத்து அறையில் இருப்பவர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் எகிறும். எகிறினால் பெடல் நலம்.

இதே பள்ளத்தில் நானும் விழுந்தவன்தான். முதல் மேடைக்கு முன்னால் அறையில் உட்கார்ந்து கிளீன் சேனலில் பூஸ்டைப் போட்டுப் பழகினேன். மிதித்தால் சத்தம் சீறிக்கொண்டு வந்தது. மேடையில் வாசித்ததோ ஆம்பே கரகரப்பைத் தரும் டிரைவ் சேனலில். சோலோ வந்தது, மிதித்தேன், கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகி வாசித்தேன். முடிந்ததும் முன்வரிசையில் இருந்த நண்பனிடம் "சோலோ எப்படிடா இருந்துச்சு?" என்றேன். "எந்த சோலோ?" என்றான்.

நடப்பது என்னவென்றால், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் கிட்டார் பிக்கப்பிலிருந்து வருவது மிகச் சிறிய மின்னழுத்தம். ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப்பில் சாதாரணமாக நூறு, இருநூறு மில்லிவோல்ட். இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கரில் ஓங்கி அடித்தால் ஒரு வோல்ட்டை நெருங்கலாம். பூஸ்ட் பெடல் அதை வாங்கிப் பெருக்கி அனுப்புகிறது, வேறு வேலை அதற்குக் கிடையாது. 6 டெசிபெல் கூட்டினால் மின்னழுத்தம் இரண்டு மடங்கு, 20 டெசிபெல் என்றால் பத்து மடங்கு. எம்எக்ஸ்ஆர் மைக்ரோ ஆம்ப் போன்றவை 26 டெசிபெல் வரை போகும், அது ஏறக்குறைய இருபது மடங்கு.

பெருக்கியதை வாங்கிக்கொள்ள அடுத்து நிற்பவரிடம் இடம் இருக்க வேண்டுமே! டிஸ்டார்ஷன் பெடலின் பிழைப்பே அலையின் உச்சியை வெட்டுவதுதான். உள்ளே இருக்கும் டையோடுகள் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் எதையும் விடாது. நீங்கள் இரண்டு மடங்கு அலையை அனுப்பினால் இன்னும் கூடுதலாக வெட்டும், வெளியே வரும் உயரம் கிட்டத்தட்ட அதேதான். நிறைகுடம் தளும்பாது என்பார்கள். இங்கே நிறைகுடம்தான் தளும்புகிறது, அந்தத் தளும்பலைத்தான் நீங்கள் கரகரப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். மெதுவாக அடித்த நோட்டும் ஓங்கி அடித்த நோட்டும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். நோட்டு நீண்ட நேரம் நிற்கும். வாசிக்காமல் சும்மா இருக்கும்போது வரும் உறுமலும் கூடும்.

ஆகவே செய்ய வேண்டியது: பூஸ்டை டிஸ்டார்ஷன் பெடலுக்குப் பின்னால் மாற்றுங்கள். வெட்டி முடித்த அலையைப் பிறகு பெருக்கினால் அதன் குணம் மாறாமல் உயரம் மட்டும் கூடும். உங்கள் ஆம்ப் கிளீனாக இருப்பதால் அதை வாங்கிக்கொள்ள அங்கே இடம் உண்டு. டிலே, ரிவெர்ப் போன்ற எதிரொலிப் பெடல்கள் இருந்தால் அவற்றுக்கு முன்னால் பூஸ்ட் வரட்டும். பின்னால் போட்டால் பூஸ்டை அணைத்த நொடியில் முந்தைய நோட்டின் எதிரொலியும் பொத்தென்று விழுந்துவிடும்.

நாளைக்கே நீங்கள் ஆம்பின் டிரைவ் சேனலுக்கு மாறினால் கதை வேறு. அப்போது வெட்டுகிற வேலை ஆம்பின் முன்பகுதியில் நடக்கிறது. ஆம்புக்கு முன்னால் பூஸ்டை எந்த வரிசையில் வைத்தாலும் மறுபடி அதே கரகரப்புதான். ஆம்பின் பின்பக்கம் சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு துளைகள் இருந்தால் அது எஃபெக்ட்ஸ் லூப். பூஸ்ட் அங்கே போக வேண்டும். ஒரு எச்சரிக்கை: சில ஆம்ப்களின் லூப்பில் ஓடும் சிக்னல் கிட்டார் சிக்னலைவிடப் பல மடங்கு பெரிது. 9 வோல்ட்டில் ஓடும் சின்னப் பெடல் அதைப் பெருக்கப் பார்த்தால் தானே திணறி வெட்ட ஆரம்பிக்கும். லூப்பில் அளவைக் குறைக்கும் சுவிட்ச் இருந்தால் குறைத்துவிட்டு, பூஸ்டையும் கொஞ்சமாகவே திருகுங்கள்.

லூப் இல்லாத சின்ன டியூப் (வால்வு) ஆம்பின் வால்யூமை முழுக்கத் திறந்துவைத்து வாசிப்பவர்கள் பூஸ்டை வைத்துச் சத்தத்தைக் கூட்ட முடியாது. கூட்டுவதற்கு ஆம்பிடம் எதுவும் மிச்சமில்லை. கிட்டாரின் வால்யூம் நாப்பை 6இல் வைத்து மற்ற நேரத்தில் வாசித்துவிட்டு, சோலோவுக்கு 10க்குத் திருகுவது அவர்களுக்கு ஓரளவு கைகொடுக்கும். உண்மையில் பெடல் வாங்கும் முன்பே எல்லோரும் செய்துபார்க்க வேண்டிய காரியம் இது. அந்த நாப் கிட்டாரோடு வந்தது, ஆனால் நம்மில் பாதிப்பேர் அதைத் தொடுவதே இல்லை.

அதற்காக, பூஸ்டை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைப்பது முட்டாள்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சத்தத்துக்காக வைத்தீர்கள் என்பதுதான் பிரச்சினை. ஒலியின் நிறத்துக்காக வைத்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. என் பூஸ்ட் இன்றைக்கு அங்கேதான் இருக்கிறது.

1960களின் நடுவில் பிரிட்டனின் டல்லாஸ் நிறுவனம் ரேஞ்ச்மாஸ்டர் என்று ஒரு பெட்டியை விற்றது. ஆம்பின் தலைமேல் உட்காரும் பெட்டி. உள்ளே ஒரே ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், பெரும்பாலும் ஓசி44. அது எல்லாவற்றையும் சமமாகப் பெருக்காது, மேல்சுருதியை, அதாவது ட்ரெபிளை, மட்டும் தூக்கிவிடும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் ஆம்ப்களைத் திறந்துவைத்தால் அடிச்சுருதி கொழகொழவென்று ஆகிவிடும். பேஸை விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் பெருக்கி ஆம்புக்குள் தள்ளினால் அதே ஆம்ப் தெளிவாகக் கத்தும். கிட்டார் கலைஞர் ரோரி கேலகர் அப்படித்தான் வாக்ஸ் ஏசி30 ஆம்பைக் கத்தவைத்தார். குவீன் குழுவின் பிரையன் மேயும் ட்ரெபிள் பூஸ்டர், முழுக்கத் திறந்த ஏசி30 என்ற கூட்டணியில்தான் தன் ஒலியைக் கட்டினார். மென்மையான இடம் வந்தால் அவர் பெடலைத் தேடுவதில்லை, கிட்டாரின் வால்யூமைக் குறைப்பார். ஆம்ப் தானாகவே தெளிந்துவிடும்.

இன்னொரு கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1968இல் எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய மைக் மேத்யூஸ், கரகரப்பே இல்லாமல் நோட்டை நீட்டித்து நிறுத்தும் கருவி ஒன்றைச் செய்துதரும்படி பெல் லேப்ஸ் பொறியாளரான பாப் மையரிடம் கேட்டிருந்தார். செய்த கருவியைப் பார்க்கப் போனால், அதன் முன்னால் ஒரு சின்னப் பெட்டி செருகியிருக்கிறது. இது என்ன என்று கேட்டால், கிட்டாரிலிருந்து வரும் சிக்னல் இவ்வளவு சிறிதாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, அதனால் முன்னால் ஒரு பெருக்கி வைத்தேன் என்றாராம் மையர். மேத்யூஸ் அந்தச் சின்னப் பெட்டியை மட்டும் ஆம்பில் செருகிப் பார்த்தார். எல்பிபி-1, அதாவது லீனியர் பவர் பூஸ்டர், பிறந்தது அப்படித்தான். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு நாப். அதுவரை எவ்வளவு திறந்தாலும் ஓரளவுக்கு மேல் ஒலி உடையாத ஆம்ப்களை இந்தப் பெட்டி சுலபமாகக் கரகரக்க வைத்தது.

இந்த வழியில் உங்களிடம் உள்ளதையே வைத்து ஒன்று செய்துபாருங்கள். டிஸ்டார்ஷனின் கெயினை முக்காலிலிருந்து காலுக்கு இறக்குங்கள். சும்மா தடவினால் கிளீன், அழுத்தி அடித்தால் லேசான பிசிறு என்று நிற்க வேண்டும். இப்போது முன்னால் உள்ள பூஸ்டை மிதியுங்கள். கொஞ்சம் சத்தமும் கூடும், நோட்டும் பாட ஆரம்பிக்கும். கெயினை முதலிலேயே நிரப்பிவைத்தவர்களுக்கு இந்த சுகம் கிடைக்காது. டியூப் ஸ்க்ரீமர் என்ற பெடலை வைத்திருப்பவர்கள் அதன் டிரைவ் நாப்பைப் பூஜ்ஜியத்திலும் லெவலை உச்சத்திலும் வைத்து ஓங்கிய டிஸ்டார்ஷனுக்கு முன்னால் போடுவதும் இதே வித்தைதான். அது சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அடக்கி நடுப்பகுதியைத் தூக்கும். தடித்த கம்பிகளில் வேகமாக வெட்டி வாசிக்கும்போது சேறு போலக் குழம்பாது.

நடுப்பகுதி என்றதும் நினைவுக்கு வருகிறது. மேடையில் சோலோ கேட்காமல் போவதற்குப் பாதி நேரம் காரணம் சத்தக்குறைவே இல்லை. அறையில் தனியாக வாசிக்கும்போது பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி நடுப்பகுதியான மிட்டைக் குடைந்துவைத்தால் காதுக்கு இனிமையாக இருக்கும். குழுவோடு சேரும்போது கீழே பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும், மேலே சிம்பலும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கிட்டாருக்கு மிச்சமிருப்பது நடுவில்தான், அதைத்தான் நாம் குடைந்து எறிந்திருக்கிறோம். மிட்டை மறுபடி ஏற்றிவிட்டு அதன்பின் 3 முதல் 6 டெசிபெல் பூஸ்ட் கொடுத்தாலே சோலோ முன்னால் வந்து நிற்கும். காதுக்கு இரண்டு மடங்கு என்று தோன்றவே சுமார் 10 டெசிபெல் வேண்டும். அவ்வளவு ஏற்றினால் டிரம்மர் முறைப்பார்.

பூஸ்டை எப்போதும் ஆனிலேயே வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வைக்கலாம், பலர் வைக்கிறார்கள். நீளமான கேபிள் ட்ரெபிளைத் தின்னும். ஒரு மீட்டருக்குத் தோராயமாக 100 பிகோஃபாரட் மின்தேக்கம் என்று கணக்கு வைத்தால், கிட்டாரிலிருந்து பெடலுக்கு 6 மீட்டர், அங்கிருந்து ஆம்புக்கு 6 மீட்டர் என்று போகும்போது வித்தியாசம் நன்றாகவே கேட்கும். நல்ல பூஸ்ட் பெடலின் வெளியீடு இந்தச் சுமையைத் தாங்கும், அதனால் அதற்குப் பின்னால் உள்ள கேபிளில் இழப்பு குறைவு. ஆனால் முன்னால் இழந்தது இழந்ததுதான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! பெடலின் உள்ளீட்டு மின்மறுப்பு 1 மெகாஓம் அளவில் இருக்கிறதா என்று அதோடு வந்த தாளில் பாருங்கள். பழைய பாணி ஒற்றை டிரான்சிஸ்டர் சுற்றுகள் சிலவற்றில் அது மிகக் குறைவு, பிக்கப்பையே அழுத்தி ஒலியை மங்கவைக்கும். சிலர் அந்த மங்கலுக்காகவே அதை வாங்குகிறார்கள், அது வேறு. பழைய வகை ஜெர்மானியம் ஃபஸ் பெடல் (முரட்டுக் கரகரப்புத் தருவது) இருந்தால் அதற்கு முன்னால் மட்டும் எப்போதும் ஆனில் உள்ள பூஸ்டை வைக்காதீர்கள். அது கிட்டாரை நேராகப் பார்த்தால்தான் ஒழுங்காக நடந்துகொள்ளும்.

மின்சாரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலானவை 9 வோல்ட், நடுமுனை எதிர்மின். ஜெர்மானியம் பெடல்கள் சில இதற்கு நேர்மாறு, செருகும் முன் படத்தைப் பாருங்கள். 18 வோல்ட் தாங்கும் என்று பெடலிலேயே எழுதியிருந்தால் ஒழிய முயல வேண்டாம். கணினியில் பதிவு செய்பவர்கள், பூஸ்டை நேராக ஆடியோ இன்டர்ஃபேஸில் விட்டால் சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். அங்கே ஒலி உடைவது டியூப் ஆம்பில் உடைவதுபோல இனிக்காது.

இனி அளவு வைப்பது. தனியாக உட்கார்ந்து வைக்காதீர்கள், நான் கெட்டது அதில்தான். குழு முழுவதும் வாசித்துக்கொண்டிருக்கும்போது பாட்டின் நடுவில் மிதியுங்கள். ஆம்புக்கு முன்னால் கொஞ்சம் தள்ளி ஒருவரை நிற்கவைத்து, அவர் கை தூக்கும் வரை நாப்பைத் திருகுங்கள். அந்த இடத்தில் வெள்ளைப் பேனாவால் ஒரு கோடு. இருட்டில் கால் பட்டு நாப் திரும்பிவிடும், கோடு இருந்தால் குனிந்து பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

நான் இவ்வளவையும் கற்றுக்கொண்டு, பெடலை இடம் மாற்றி, கோடும் போட்டுக்கொண்டு அடுத்த மேடை ஏறினேன். சோலோ வந்தது, மிதித்தேன், இந்தமுறை நிஜமாகவே எகிறியது. நாலு நோட்டு வாசிப்பதற்குள் மிக்ஸரில் இருந்த அண்ணன் பதறிப்போய் என் ஃபேடரைக் கீழே இழுத்துவிட்டார். அவரிடம் யாரும் சொல்லவில்லை. சவுண்ட் செக்கிலேயே பூஸ்டை ஒருமுறை மிதித்துக் காட்டி, "அண்ணே, சோலோவுக்கு இவ்வளவு ஏறும்" என்று சொல்லிவிடுங்கள்.