கடல் பூங்காக் கட்டணம் கூடினால் யார் தலையில்?

கேள்வி: ஒரு வாரம் படகிலேயே தங்கி, பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியான கடல் பூங்கா ஒன்றில் காற்று உருளையோடு ஸ்கூபா முக்குளிக்கும் பயணத்துக்கு எட்டு மாதங்களுக்கு முன்பே முழுத் தொகையையும் கட்டிவிட்டேன். இப்போது, "கடல் பூங்கா நுழைவுக் கட்டணம் கூடிவிட்டது. வித்தியாசத்தைப் படகில் ஏறும்போது ரொக்கமாகக் கொடுங்கள்" என்று நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. கொடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: கோபப்படுவதற்கு முன் முன்பதிவுச் சீட்டை எடுத்துப் படியுங்கள். "அடங்கியவை", "அடங்காதவை" என்று இரண்டு பட்டியல்கள் இருக்கும். பூங்காக் கட்டணம் பெரும்பாலும் இரண்டாவதில்தான், குத்துச்சண்டை வீரனின் கையுறைக்குள் ஒளிந்த விரல் மாதிரி, சிறிய எழுத்தில் இருக்கும். அங்கே இருந்தால் வழக்கு உங்கள் பக்கம் இல்லை. அந்தக் கட்டணத்தை நீங்கள் இன்னும் கட்டவே இல்லை. கட்டும் நாளில் என்ன விலையோ அதுதான் விலை.

"அடங்கியவை" பட்டியலில் இருந்தால் கதை வேறு. அரசு வரியோ பூங்காக் கட்டணமோ மாறினால் பயண விலையும் மாறும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், "ஒப்புக்கொண்ட விலைக்குள் இது அடங்கிவிட்டது" என்று எழுதி அனுப்பிவிடலாம். அந்த வாசகம் இருந்தாலும் எல்லாம் முடிந்துவிடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் தொகுப்புச் சுற்றுலாக்களுக்கான விதி இதில் நல்ல அளவுகோல். எரிபொருள், பிறர் விதிக்கும் வரி அல்லது கட்டணம், நாணய மாற்று விகிதம் ஆகிய காரணங்களுக்காக மட்டுமே விலையை ஏற்றலாம். பயணம் தொடங்க 20 நாட்களுக்கு முன்பாவது, கணக்கோடு தெரிவிக்க வேண்டும். ஏற்றம் மொத்த விலையில் 8 விழுக்காட்டைத் தாண்டினால் பயணி அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ளலாம். உங்கள் ஒப்பந்தம் வேறு நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது என்றாலும், இதே கேள்விகளை நிறுவனத்திடம் கேட்பதில் தவறில்லை.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பூங்கா வாசலில் நின்று வாதாடாதீர்கள். எக்வடோர் நாட்டின் கலாபகோஸ் தீவுகளில் வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்ட் 1 அன்று 100 டாலரிலிருந்து 200 டாலராக இரட்டிப்பானது. அன்றிலிருந்து வந்து இறங்கியவர்களுக்குப் புதிய கட்டணம்தான். எப்போது முன்பதிவு செய்தீர்கள் என்பது வாசலில் இருப்பவரின் கவலை இல்லை. அவரிடம் கட்டிவிட்டு, ரசீதோடு நிறுவனத்திடம் கேளுங்கள். கேட்கும்போது பூங்கா நிர்வாகம் வெளியிட்ட பழைய, புதிய கட்டண அறிவிப்புகளையும் வாங்கிப் பாருங்கள். உண்மையான வித்தியாசத்தைவிட ஒரு டாலர் கூடுதலாகக் கேட்டாலும் அது பூங்காவுக்குப் போகிற பணம் அல்ல. கடிதத்தில் "சுமார்" என்ற சொல்லைப் பார்த்தால் நான் உடனே சந்தேகப்படுவேன். அரசுக் கட்டணத்தில் சுமார் என்று ஒன்று கிடையாது.

கேள்வி: நான் ஸ்கூபா பயிற்சியாளர். ஆண்டுக்கு இரண்டு குழுக்களை வெளிநாட்டுக் கடல் பூங்காக்களுக்கு அழைத்துப் போகிறேன். கட்டணம் இப்படி ஏறிக்கொண்டே போனால் ஆட்கள் வருவது நின்றுவிடும் என்று பயமாக இருக்கிறது. பயம் நியாயமானதா?

பதில்: பாதி நியாயம். கட்டணம் ஏறியதாலேயே ஆள் குறைந்துவிடும் என்று சொல்ல முடியாது. எப்படி ஏறியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கரீபியன் கடலில் இருக்கும் பொனேர் தீவைப் பாருங்கள். 1979இல் அங்கே கடல் பூங்கா அமைத்தார்கள். சில ஆண்டுகளில் பணம் தீர்ந்துபோய், காகிதத்தில் மட்டும் இருக்கும் பூங்காவாயிற்று. 1991இல் மறுபடி உயிர் கொடுத்தபோது, முக்குளிப்பவர்களிடமே கட்டணம் வாங்கலாமா என்று கருத்துக் கேட்டார்கள். ஆண்டுக்கு 10 டாலர் தரத் தயார் என்றவர்கள் 92 விழுக்காடு. 20 டாலராவது தருவோம் என்றவர்கள் 80 விழுக்காடு. 50 டாலர் என்றதும் அது 16 ஆகச் சுருங்கிவிட்டது. 1992இல் 10 டாலரில் தொடங்கினார்கள். 2005இல் 25 ஆக்கினார்கள், 2019இல் 45. தீவு இன்றும் முக்குளிப்பவர்களின் தலம்தான். விமான டிக்கெட், தங்குமிடம், படகு, உபகரணம் என்று ஒருவர் செலவழிக்கும் பணத்துக்கு முன்னால் இந்தத் தொகை மிகச் சிறியது என்பது ஒரு காரணம். பணம் போகிற இடம் கண்ணுக்குத் தெரிவது இன்னொன்று. பவளப்பாறையில் நங்கூரம் போடாமல் படகைக் கட்டிவைக்க மிதவைகள், ரோந்துப் படகு, காவலர்கள். முக்குளிப்பவன் அந்த மிதவையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் கீழே இறங்குகிறான். தன் பணத்தைத் தொட்டுப் பார்க்கிறான் என்றே சொல்லலாம்.

கொமோடோ தேசியப் பூங்காவில் நடந்தது இதற்கு நேர் எதிர். இந்தோனேசிய அரசு 2022 ஆகஸ்ட் 1 முதல் கொமோடோ, படார் தீவுகளுக்குப் போக ஒருவருக்கு 37.5 லட்சம் ரூபியா என்று அறிவித்தது. அதற்கு முன் வெளிநாட்டவருக்கு நுழைவுச் சீட்டு சாதாரண நாளில் 1.5 லட்சம் ரூபியாதான். இருபத்தைந்து மடங்கு! அந்தத் தீவுகளுக்குப் படகு கிளம்பும் லபுவான் பாஜோ துறைமுகத்தில் படகுக்காரர்களும் சுற்றுலா நடத்துபவர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். திட்டம் முதலில் ஐந்து மாதம் தள்ளிப்போய், அந்த ஆண்டு டிசம்பரில் கைவிடப்பட்டது. புதிய சீட்டு ஓராண்டுக்குச் செல்லும் என்றார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. காலையில் போய் மாலையில் திரும்புகிறவனுக்கு அந்த ஓராண்டால் என்ன பயன்? பத்து நாள் சொகுசுப் படகில் இருப்பவனுக்கும் அரை நாள் வந்தவனுக்கும் ஒரே தொகை என்றால், முதலில் விழுவது அரை நாள் பயணிகளை நம்பி ஓடும் சிறிய படகுகள்தான்.

பயணி வரிகளைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை, கூட்டித்தான் பார்க்கிறான் என்பதையும் நினைவில் வையுங்கள். பொனேரில் 2022 முதல் வெளியூர்ப் பயணிகளுக்கு 75 டாலர் நுழைவு வரி தனியாக வந்துவிட்டது. அது தீவு நிர்வாகத்துக்கு, பவளத்துக்கு அல்ல. பாலாவ் நாட்டில் 2018 முதல் 100 டாலர் சுற்றுச்சூழல் கட்டணம் விமான டிக்கெட்டிலேயே சேர்ந்துவிடுகிறது; ஜெல்லிமீன் ஏரிக்குப் போக வேண்டுமென்றால் அதற்கு மேல் இன்னொரு 100. இப்படி அடுக்கடுக்காக வரும்போது, கடைசியாக வந்த கட்டணம்தான் திட்டு வாங்கும். அது பெரும்பாலும் பூங்காக் கட்டணமாக இருக்கும்.

உங்கள் தொழிலுக்கு என் யோசனை: விலைப்பட்டியலில் பூங்காக் கட்டணத்தைத் தனி இனமாக, "இன்ன தேதி நிலவரப்படி" என்ற குறிப்போடு போடுங்கள். உங்கள் லாபத்துக்குள் அதை ஒளித்து வைத்து "எல்லாம் அடக்கம்" என்று விற்றால், ஏறும்போது உங்கள் கையைத்தான் கடிக்கும்.

கேள்வி: அதே கடல், அதே மீன். உள்நாட்டவருக்கு ஒரு விலை, எனக்குப் பல மடங்கு விலை. இது சுரண்டல் இல்லையா?

பதில்: இல்லை. கலாபகோஸில் எக்வடோர்க்காரர் கொடுப்பது 30 டாலர், வெளிநாட்டவர் 200. அந்த நாட்டவர் ஆண்டு முழுவதும் வரி கட்டுகிறார். பூங்கா எல்லைக்குள் வலை வீசக் கூடாது என்று தடுக்கப்பட்ட மீனவரும் அவர்களில் ஒருவர்தான். நீங்கள் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறீர்கள். எனக்கு இதில் குறை இருப்பது வேறு இடத்தில்: வசூலித்த பணம் எதற்குச் செலவானது என்று சில பூங்காக்கள் வெளியிடுவதே இல்லை. அதைக் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

கேள்வி: சில இடங்களில் நாள் கணக்கு, சில இடங்களில் ஆண்டு அனுமதி. வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: ஆண்டு என்றால் எந்த ஆண்டு என்று கேளுங்கள். வாங்கிய நாளிலிருந்து 12 மாதமா, டிசம்பர் 31 வரையா? இரண்டாவது என்றால் ஆண்டுக் கடைசியில் போகிறவர் சில நாட்களுக்கு முழுத் தொகை கொடுத்து, ஜனவரி பிறந்ததும் மறுபடி வாங்க வேண்டியிருக்கும். நுழைவுக் கட்டணமும் முக்குளிப்புக் கட்டணமும் தனித்தனியா என்றும் பாருங்கள். தாய்லாந்தின் சிமிலன் தீவுகளில் வெளிநாட்டுப் பெரியவருக்கு நுழைவு 500 பாத் என்றால், முக்குளிக்க நாளொன்றுக்கு 200 பாத் அதற்கு மேல். விளம்பரத்தில் முதல் எண்தான் பெரிதாக இருக்கும். ரொக்கம் மட்டும்தான் வாங்குவார்களா என்பதையும் கிளம்பும் முன்பே விசாரியுங்கள்.

கேள்வி: "காவலர் வருவதற்கு முன் விடியற்காலையில் கூட்டிப்போகிறேன், அனுமதிச் சீட்டு வேண்டாம், பாதி விலை" என்கிறார் ஒரு படகுக்காரர். போகலாமா?

பதில்: வேண்டாம். பூங்கா விதியை மீறுகிறவர் உங்கள் காற்று உருளையை மட்டும் விதிப்படி நிரப்புவார் என்று எப்படி நம்புகிறீர்கள்?