நெஞ்செரிச்சல்: எந்த மருந்து, எந்த நேரத்தில்?

காலை டிபன் முடித்ததும் பான்டோபிரசோல் 40 மி.கி. போடுகிறேன். இரண்டு வாரமாகியும் எரிச்சல் அடங்கவில்லை. வேறு மாத்திரைக்கு மாறலாமா?
— வாசகர், ஈரோடு

மாத்திரையை மாற்றும் முன் நேரத்தை மாற்றிப் பாருங்கள். வயிற்றுச் சுவரில் அமிலத்தைச் சுரக்கும் நுண்ணிய பம்புகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை சாப்பாடு உள்ளே வரும்போதுதான் வேலையைத் தொடங்கும். வேலை செய்யும் பம்பை மட்டுமே இந்த மருந்தால் அடைக்க முடியும். மருந்தும் ரத்தத்தில் சில மணி நேரமே தங்கும். டிபனுக்குப் பிறகு போட்டால், மருந்து ரத்தத்தில் சேர்வதற்குள் பம்புகள் பாதி வேலையை முடித்திருக்கும்.

எட்டரைக்கு டிபன் என்றால் ஏழே முக்காலுக்குள் வெறும் வயிற்றில், தண்ணீரில் விழுங்குங்கள். காபியும் டிபனோடுதான். கடிக்கவோ பொடிக்கவோ கூடாது. மேல்பூச்சு உடைந்தால் வயிற்று அமிலமே மருந்தைச் சிதைத்துவிடும். முழுப் பலன் தெரிய மூன்று, நான்கு நாளாகும். தொந்தரவு பெரும்பாலும் இரவில்தான் என்றால், இரவுச் சாப்பாட்டுக்கு முன் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சரியான நேரத்தில் நான்கு வாரம் சாப்பிட்டும் குறையவில்லை என்றால் அவரைப் பார்த்தே ஆகவேண்டும்.

நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் அவரிடம் காட்டுங்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் உணவுக்குழாயின் கீழ்வாய்த் தசையைத் தளர்த்தி, அமிலத்தை மேலேற விடக்கூடியது. மூட்டுவலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக் வயிற்றைப் புண்ணாக்கும். இரும்புச்சத்து மாத்திரையையோ டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கையோ ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்தால் அது உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு சுடும்.

டைஜீன், ஈனோ, ரான்டாக், ஓமெஸ் எல்லாமே கேஸ் மருந்துதானே? எது நல்லது?
— வாசகி, திண்டுக்கல்

நான்கும் செய்வது ஒரே வேலை இல்லை. டைஜீன், ஜெலுசில் போன்றவை ஏற்கெனவே சுரந்துவிட்ட அமிலத்தை முறிக்கின்றன. சில நிமிடங்களில் கேட்கும். ஆனால் வெறும் வயிற்றில் அரை மணி, சாப்பிட்ட பின் எடுத்தால் இரண்டு மூன்று மணி நேரம், அவ்வளவுதான். ஆகவே சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து எடுப்பதே லாபம். மாத்திரையாக இருந்தால் நன்றாக மென்று விழுங்குங்கள். இவற்றில் உள்ள மெக்னீசியம் வயிற்றுப்போக்கையும் அலுமினியம் மலச்சிக்கலையும் தரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தாமாக வாங்கக் கூடாது. தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேரமும், இரும்புச்சத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரமும் இடைவெளி வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை இதற்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போதான் எடுக்க வேண்டும். இல்லையென்றால் அந்த மருந்துகள் உடம்பில் சேராது.

ஈனோவும் அமிலத்தை முறிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதில் சோடியம் அதிகம். ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றதல்ல. பொங்கி வரும் வாயு வயிற்றை உப்பச் செய்து அமிலத்தை மேலே தள்ளவும் கூடும். சோடா குடிப்பதிலும் இதே சிக்கல்தான்.

ரான்டாக் என்பது அமிலச் சுரப்பைக் குறைக்கும் ரானிடிடின். அதில் புற்றுநோய் அபாயமுள்ள என்.டி.எம்.ஏ. என்ற மாசு உருவாவது தெரிந்து, 2020 ஏப்ரலில் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. 2022-ல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் அது நீக்கப்பட்டது. அதே வகையில் ஃபமோடிடின் 20 மி.கி. இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, பத்து மணி நேரம்வரை தாங்கும். ராத்திரி கல்யாண விருந்து இருக்கிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே எடுக்க ஏற்றது. தினமும் எடுத்தால் ஓரிரு வாரத்தில் பலன் மங்கும்.

ஓமெஸ், அதாவது ஓமெப்ரசோல், பான்டோபிரசோலின் இனம். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் எரிகிறவர்களுக்கு, நான்கு முதல் எட்டு வாரம்வரை, மருத்துவர் சொல்லி எடுக்க வேண்டியது. எரியும்போது ஒன்று போட்டால் உடனே கேட்கவில்லையே என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். அது அந்த வேலைக்கான மருந்தே அல்ல. இதய அடைப்புக்கு க்ளோபிடோக்ரல் சாப்பிடுபவர்கள் ஓமெப்ரசோலைத் தவிர்ப்பது நல்லது.

மூன்று தலையணை வைத்தும் ராத்திரி புளித்த தண்ணீர் தொண்டைவரை வருகிறது.
— வாசகர், தஞ்சாவூர்

தலையணைகளை எடுத்துவிடுங்கள். அவை கழுத்தையும் இடுப்பையும் மடக்கி வயிற்றை அழுத்துகின்றன. கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் 15 முதல் 20 செ.மீ. உயரத்துக்கு, ஆடாத மரக்கட்டையோ செங்கல்லோ வையுங்கள். உடம்பு முழுவதும் சரிவாக இருக்க வேண்டும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் வயிற்றின் பெரும்பகுதி உணவுக்குழாய் வாய்க்குக் கீழே போகும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் விடுங்கள். படுக்கும் முன் பால் குடித்தால் எரிச்சல் அடங்கியதுபோல் இருக்கும். பிறகு அந்தப் பாலே அமிலத்தைச் சுரக்க வைக்கும். அப்படியும் எதுக்களித்தால், படுக்கும் முன் 10 மி.லி. ஆல்ஜினேட் சிரப் உதவும். அது வயிற்றில் உள்ளதன் மேல் ஆடைபோல மிதந்து தடுக்கிறது.

மூன்று வருடமாக பான்-டி சாப்பிடுகிறேன். நிறுத்தினால் இரண்டு மடங்கு எரிகிறது. விடவே முடியாதா?
— வாசகி, மதுரை

முடியும், படிப்படியாக. பல மாதம் அடைத்துவைத்த பம்புகள் திறந்ததும் வழக்கத்தைவிட அதிகமாகச் சுரக்கும். சில வாரங்களில் தணியும். அந்த எரிச்சலை நோய் திரும்பிவிட்டது என்று எண்ணி, பலர் அடுத்த அட்டையை வாங்கிவிடுகிறார்கள்.

முதலில் 'டி' தேவையா என்று கேளுங்கள். பான்டோபிரசோலோடு சேர்த்திருக்கும் டோம்பெரிடோன்தான் அது. இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும் என்பதால் ஐரோப்பிய மருந்து முகமை 2014-ல் அதைக் குமட்டல், வாந்திக்கு மட்டும், பொதுவாக ஒரு வாரத்துக்கு மிகாமல் எனக் கட்டுப்படுத்தியது. க்ளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கோ ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்தோ கூடவே சேர்ந்தால் ஆபத்து அதிகம்.

பிறகு வெறும் பான்டோபிரசோல் 40-ஐ 20 ஆக்கி இரண்டு வாரம், ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு வாரம், அப்புறம் நிறுத்தலாம். இடையில் எரிந்தால் டைஜீன் வகையோ ஆல்ஜினேட்டோ போதும். ஆனால் தினமும் ஆஸ்பிரினோ வலிமாத்திரையோ எடுப்பவர்களும், முன்பு வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்தவர்களும், எண்டோஸ்கோப்பியில் கடுமையான உணவுக்குழாய்ப் புண் தெரிந்தவர்களும் தாமாக நிறுத்தக் கூடாது. மூன்று வருடம் ஆகியிருப்பதால் பி12, மெக்னீசியம் அளவுகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மாடி ஏறும்போது நெஞ்சு எரிகிறது, வியர்க்கிறது. கேஸ்தானே?
— வாசகர், சேலம்

அப்படி முடிவு செய்யாதீர்கள். நடந்தால் வந்து, நின்றால் குறையும் நெஞ்சு வலி இதயத்திலிருந்து வரலாம். இன்றே ஈ.சி.ஜி. எடுத்து மருத்துவரைப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே வலி வந்தாலோ, தாடைக்கோ இடக்கைக்கோ பரவினாலோ, மூச்சு முட்டினாலோ, சிரப் குடித்துக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.