கடனட்டையும் நட்சத்திர ஹோட்டலும்: கழிவு உண்மையிலேயே மிச்சமா?

உயர்தரக் கடனட்டை இருந்தால் பெரிய ஹோட்டல்களில் காசு மிஞ்சுமா என்று வன்னியின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும். அறை விலை, கார்ட் கட்டணம், வட்டி எல்லாம் கணக்கு விளங்க எடுத்த உதாரணத் தொகைகள்.

கிளிநொச்சி: அண்ணை, வங்கியில இருந்து பிளாட்டினம் கார்ட் எடுக்கச் சொல்லி விடாமல் கேக்கினம். கொழும்பு ஐந்து நட்சத்திர ஹோட்டலில 30 வீதம் கழிவாம். எடுக்கலாமோ?

30 வீதம் எந்த விலையில என்று முதல் கேளுங்கோ. அனேகமாக அது ஹோட்டலின் முழுப் பட்டியல் விலையில்தான். அந்த விலைக்கு யாரும் சாதாரண நாளில் அறை எடுப்பதில்லை. பட்டியல் விலை 50,000 ரூபா என்று வைப்போம். கழிவு போக 35,000. அதுக்கு மேல 10 வீதம் சேவைக் கட்டணம், 38,500. அதுக்கு மேல 18 வீதம் வற் வரி, 45,430. சமூகப் பாதுகாப்பு வரி, சுற்றுலா வரி என்று சின்னச் சின்னதாக இன்னும் ஏறும். அதே இரவுக்கு அதே அறை ஒரு முன்பதிவுத் தளத்தில் வரி எல்லாம் சேர்த்து 43,000க்கு இருந்தால், உங்கட 30 வீதக் கழிவு 2,430 ரூபாவுக்கு மேல் நட்டம்.

விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் வரியும் சேவைக் கட்டணமும் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். ஒப்பிட வேண்டியது கடைசிப் பில்லை மட்டும்.

அதுக்குப் பிறகுதான் கார்ட்டின் வருடக் கட்டணம். கட்டணம் 12,000, ஓர் இரவுக்கு உண்மையாக மிஞ்சுவது 4,000 என்றால், வருடத்தில் மூன்று இரவு தங்கினால்தான் போட்ட காசு வரும். மூன்று இரவு தங்குற ஆளில்லை என்றால் வேண்டாம். முதல் வருடம் இலவசம் என்றால், இரண்டாம் வருடக் கட்டணம் எந்த மாதம் விழும், எவ்வளவு செலவழித்தால் தள்ளுபடி என்பதை எழுத்தில் கேட்டு வையுங்கோ.

வவுனியா: சரி, ஹோட்டலுக்கு எடுத்து என்னத்தைக் கேக்கிறது? நான் போன தடவை தளத்தில காசு கட்டிப்போட்டுக் கழிவைக் கேட்டன், தரேல்லை.

தரமாட்டினம் தங்கச்சி. வங்கிக் கழிவு பெரும்பாலும் ஹோட்டலோடு நேரடியாகப் பதிந்து, அங்கேயே அந்தக் கார்ட்டில் கட்டினால்தான். முன்பதிவுப் பகுதிக்கு எடுத்து, வங்கிச் சலுகை என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கோ. காலைச் சாப்பாடு மட்டுமா, இரவுச் சாப்பாடும் சேர்த்தா? வார நாளா, சனி ஞாயிறும் உண்டா? பிள்ளைகளுக்கு எத்தனை வயதிலிருந்து காசு? எல்லா வரியும் சேர்த்துக் கடைசித் தொகை எவ்வளவு? பதிலை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதி அனுப்பச் சொல்லுங்கோ. போகும்போது கார்ட்டும் அதே பெயரில் தேசிய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

சித்திரை வருடப்பிறப்பு, மார்கழிக் கடைசி வாரம், நீண்ட விடுமுறை நாட்கள் பல சலுகைகளில் விலக்கு. யாழ்ப்பாண ஹோட்டல் என்றால் நல்லூர்த் திருவிழா நாட்களையும் தனியாகக் கேளுங்கோ.

முல்லைத்தீவு: நாங்கள் இரவு பஸ்ஸில போய் விடியக் கொழும்பில இறங்குவம். நேரத்தோட அறை தருவினமோ?

வழமையில் அறை பிற்பகல் 2 மணிக்குத்தான். கார்ட் சலுகையில் “நேரத்தோடு அறை” என்று இருந்தாலும், “கிடைத்தால்” என்ற சொல் பக்கத்தில் இருக்கும். அதை நம்பிப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதேங்கோ. முதல் நாள் எடுத்துக் கேளுங்கோ. இல்லை என்றால் பைகளை வரவேற்பில் வைத்துவிட்டு வெளியில் போகலாம். பெரிய ஹோட்டல்களில் அதுக்குக் காசில்லை.

பிந்தி வெளியேறும் சலுகைதான் எங்கட பக்கத்து ஆக்களுக்கு உண்மையில் பெறுமதி. திரும்பும் பஸ் இரவில்தான். 12 மணிக்கு அறையை விட்டால் நாள் முழுக்கத் தெருவில். 4 மணி உறுதி என்றால் குளித்து, படுத்து எழும்பிப் போகலாம்.

புதுக்குடியிருப்பு: கனடாவில இருக்கிற அக்கா அமெக்ஸ் (அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்) பிளாட்டினம் கார்ட் வைச்சிருக்கிறா. குடும்பமா வரேக்க அவவின்ர கார்ட்டில கொழும்பில தங்குவம் எண்டு சொல்லுறா. லாபமோ?

கனடாவில் அந்தக் கார்ட்டுக்கு வருடம் 799 டொலர். அமெக்ஸின் பயணச் சேவை மூலம் பதிந்தால், வருடத்தில் ஒருமுறை 200 டொலர் பயணக் கழிவு கிடைக்கும். “ஃபைன் ஹோட்டல்ஸ் அண்ட் ரிசோர்ட்ஸ்” என்ற பட்டியலில் உள்ள ஹோட்டலை அமெக்ஸ் மூலம் பதிந்தால், இரண்டு பேருக்குத் தினமும் காலைச் சாப்பாடு, 100 அமெரிக்க டொலர் பெறுமதியான ஹோட்டல் செலவு, பிற்பகல் 4 மணி வரை அறை. போக நினைக்கிற ஹோட்டல் பட்டியலில் இருக்கா என்று அக்காவை முதல் பார்க்கச் சொல்லுங்கோ.

அந்த 100 டொலர் ஒரு தங்கலுக்கு ஒருமுறை, ஓர் இரவுக்கு ஒருமுறை இல்லை. ஆகவே ஓர் இரவு நின்றால் பெறுமதி கூட, ஐந்து இரவு நின்றால் கரைந்துபோகும். சாப்பாடும் ஓர் அறைக்கு இரண்டு பேருக்குத்தான். ரூபாவில் பில் போட்டால் கார்ட் 2.5 வீதம் அந்நிய நாணயக் கட்டணமும் எடுக்கும்.

பலருக்குத் தெரியாத விசயம்: எங்கட ஹோட்டல்களில் உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு வேறு விலை. அக்காவின் கார்ட்டில் அம்மா அப்பாவின் அறையையும் சேர்த்துப் பதிந்தால் அதுவும் டொலர் விலையில் விழலாம். அம்மா அப்பாவின் அறையை அவர்களின் அடையாள அட்டையில் உள்ளூர் விலைக்குத் தனியாகப் பதியுங்கோ. அக்காவின் அறை மட்டும் அவவின் கார்ட்டில்.

விசுவமடு: நான் வயல் செய்யிறன். சம்பளச் சீட்டு இல்லை. கார்ட் தருவினமோ? மார்கழியில நிலாவெளி போக ஆசை.

நிலையான வைப்பைப் பிணையாக வைத்துத் தருகிற வங்கிகள் இருக்கு. ஆனால் மார்கழியில் 90,000 செலவழித்து, காலபோக அறுவடைக் காசில் பங்குனியில் கட்டலாம் என்று நினைக்காதேங்கோ. முழுத்தொகையும் கட்டாவிட்டால் வட்டி செலவழித்த நாளிலிருந்தே ஓடும். வருடம் 26 வீதம் என்றால், மாதாமாதம் 5 வீதக் குறைந்தபட்சத் தொகையைக் கட்டினாலும் மூன்று மாதத்தில் 5,500க்கு மேல் வட்டி. கழிவில் 10,000 மிஞ்சியிருந்தால் பாதி அதிலேயே போயிடும். அதோட மார்கழிக் கடலும் நிலாவெளியில் குளிக்கத் தோதில்லை. நெல்லை விற்றுக் காசு கையில் வந்த பிறகு, சித்திரை வருடப்பிறப்புக்கு முன் ஒரு வார நாளில் போங்கோ.

மாங்குளம்: அறை எடுக்கேக்க கார்ட்டில ஒரு தொகையைப் பிடிச்சு வைச்சவை. காசு போட்டுதோ?

இல்லை, அது முன்பிணை: பில்லுக்குப் பாதுகாப்பாக ஹோட்டல் தற்காலிகமாகப் பிடித்து வைக்கிற தொகை. டெபிட் கார்ட் என்றால் உங்கட கணக்குக் காசே முடங்கும், விடுபட நாட்கணக்காகும். கடனட்டை என்றால் செலவழிக்கக்கூடிய கடன் எல்லை மட்டும் குறையும். வெளியேறும்போது பிடித்ததை விடுவிக்கச் சொல்லி, துண்டை வாங்கி வையுங்கோ.

மல்லாவி: கார்ட்டில கட்டினா 3 வீதம் கூட எண்டு ஒரு இடத்தில கேட்டவை.

அப்படி வாங்க வியாபாரிக்கு அனுமதியில்லை. பில்லோடு கார்ட் தந்த வங்கிக்கு அறிவியுங்கோ.

மன்னார்: விமான நிலைய ஓய்வறை இலவசம் எண்டும் சொல்லுகினம்?

வருடத்துக்கு எத்தனை தடவை, கூட வருபவருக்கு எவ்வளவு என்று கேளுங்கோ. பலாலியால் சென்னை போறவருக்குக் கட்டுநாயக்காவில் இருக்கிற ஓய்வறையால் ஒரு பயனும் இல்லை.