நடக்கும் ரோபோ வர ஏன் இவ்வளவு காலம் ஆனது?

விமானமே நூறு வருடத்துக்கு முன்னால் வந்துவிட்டது, ஒழுங்காக நடக்கும் ரோபோ மட்டும் ஏன் இத்தனை தாமதம் என்று கேட்டிருக்கிறீர்கள். கால் செய்வது அப்போதே முடிந்துவிட்டது. ரஷ்யக் கணித மேதை செபிஷேவ், வெறும் இணைப்புத் தண்டுகளால் ஆன நான்கு கால் இயந்திரத்தை 1878 பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். ஆனால் அதன் பாதங்கள் எப்போதும் ஒரே தடத்தில்தான் போய் வரும், வழியில் ஒரு மேடு வந்தால் அவ்வளவுதான். அடுத்த அடியை எங்கே வைப்பது என்று யார் முடிவெடுப்பது? சிக்கல் அங்கேதான்.

மனிதனே முடிவெடுக்கட்டும் என்று போனவர் ஜெனரல் எலெக்ட்ரிக் பொறியாளர் ரால்ஃப் மோஷர். 1960களின் கடைசியில் அமெரிக்க ராணுவத்துக்காக அவர் செய்த நான்கு கால் வண்டி சுமார் 1,400 கிலோ. உள்ளே இருப்பவர் கையை அசைத்தால் முன்னங்கால் நகரும், காலை அசைத்தால் பின்னங்கால் நகரும், அது எதிலாவது இடித்தால் அந்த எதிர்ப்பை அவர் கையிலேயே உணரலாம். அருமையான யோசனை, ஆனால் நான்கையும் சேர்த்துக் கவனிப்பதில் ஆள் சீக்கிரமே களைத்துப்போவார். அப்புறம் கணினி வந்தது. 1973-ல் ஜப்பானின் வசேடா பல்கலைக்கழகத்தில் இச்சிரோ கடோ குழுவின் வபாட்-1 என்ற ரோபோ இரண்டு காலில் நடந்தது, ஆனால் மிக மிக மெதுவாக. எந்த நொடியிலும் எடை பாதத்தைத் தாண்டி வெளியே போய்விடக் கூடாது என்ற பயத்திலேயே நடந்தால் வேகம் எப்படி வரும்?

என்னைக் கேட்டால் உண்மையான திருப்பம் 1980களின் தொடக்கத்தில், மார்க் ரைபர்ட் என்ற ஆராய்ச்சியாளர் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் செய்த ஒற்றைக்கால் ரோபோதான். அதனால் நிற்கவே முடியாது, குதித்துக்கொண்டே இருந்தால்தான் விழாமல் இருக்கும். கட்டுப்பாட்டை மூன்றாகப் பிரித்தார்: எவ்வளவு உயரம் குதிப்பது, பாதத்தை எங்கே வைப்பது, கால் தரையில் இருக்கும் அந்தச் சின்ன நேரத்தில் இடுப்பைத் திருப்பி உடம்பை எப்படி நிமிர்த்துவது. இதில் இரண்டாவதுதான் அழகு. போகும் வேகத்துக்கு ஏற்ற ஒரு நடுப்புள்ளி உண்டு, அங்கே ஊன்றினால் வேகம் மாறாது, பாதம் அதற்குக் கொஞ்சம் முன்னால் ஊன்றினால் வேகம் குறையும், பின்னால் ஊன்றினால் கூடும். நீங்கள் ஓடும்போது சட்டென நிற்க வேண்டுமென்றால் காலை எங்கே வைக்கிறீர்கள் என்று கவனித்துப் பாருங்கள், அதேதான். கால்களை ஜோடி சேர்த்து ஒரே கால் மாதிரி இயக்கினால் நான்கு கால் ஓட்டத்துக்கும் இதே விதிகள் போதும் என்றும் அவர் காட்டினார். 1992-ல் அவர் தொடங்கிய பாஸ்டன் டைனமிக்ஸ் நிறுவனத்திலிருந்துதான் 2005-ல் பிக்டாக் என்ற நான்கு கால் ரோபோ வந்தது.

ஹோண்டாவின் மனித உருவ ரோபோ அசிமோ (2000) எல்லோருக்கும் தெரியும். ஆனால் எப்போதும் முழங்காலை மடித்தபடியே நடக்கும் அந்த நடை மின்சாரத்தை விழுங்கும். அதற்குப் பத்து வருடம் முன்பே டாட் மெக்கீர் என்ற பொறியாளர், மோட்டாரும் கணினியும் இல்லாத வெறும் கால்கள் சின்னச் சரிவில் ஈர்ப்பு விசையாலேயே நடந்து இறங்குவதைக் காட்டிவிட்டார். அந்தக் கால்கள் நடக்கும் வீடியோ கிடைத்தால் முதலில் அதைப் பாருங்கள், அசிமோ அப்புறம்.