அழித்த பிறகும் மிஞ்சும் அரட்டை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தனியாக ஒருவருக்கு அனுப்ப வேண்டிய மெசேஜை வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டேன். பதற்றத்தில் 'டெலீட் ஃபார் மீ'யை அழுத்திவிட்டேன். இப்போது என் போனில் மட்டும்தான் அது இல்லை. ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: 'டெலீட் ஃபார் மீ' அழுத்தியதும் திரையின் அடியில் சில விநாடிகளுக்கு 'அன்டூ' என்று ஒரு பட்டை வரும். அதைத் தொட்டால் மெசேஜ் திரும்பிவிடும். பிறகு 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' கொடுக்கலாம். அந்தச் சில விநாடிகள் தாண்டிவிட்டதால் உங்களுக்கு மிஞ்சியிருக்கும் வழி குரூப் அட்மின். மற்றவர்கள் போட்ட மெசேஜையும் எல்லோருக்குமாக நீக்கும் வசதி அட்மினுக்கு உண்டு. உடனே அவருக்கு போன் செய்யுங்கள். அட்மின் நீக்கினார் என்ற குறிப்பு அங்கே இருக்கும், ஆனால் உள்ளடக்கம் போய்விடும்.

மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' கொடுப்பதற்கான கால வரம்பையும் சொல்லிவிடுகிறோம். 2017-ல் இந்த வசதி வந்தபோது 7 நிமிடம்தான் அவகாசம். அடுத்த ஆண்டு அது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனது. 2022 ஆகஸ்டிலிருந்து இரண்டு நாளுக்குச் சற்று அதிகம். அதைத் தாண்டிய மெசேஜைப் பிடித்து அழுத்தினால் 'டெலீட் ஃபார் மீ' மட்டும்தான் வரும்.

சிலருடைய போனில் மட்டும் அழியாமல் நிற்பது ஏன் என்றும் பலர் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அரட்டை அவரவர் போனுக்குள்தான் சேமிக்கப்படுகிறது. அதனால் நீங்கள் 'அழி' என்று சொல்வதும் ஒரு மெசேஜாகத்தான் எதிர்ப்பக்கம் போகிறது. அங்கிருக்கும் செயலி அதைப் படித்து அழிக்க வேண்டும். அந்தப் போன் நெடுநாள் இணையமே இல்லாமல் கிடந்தாலோ, பழைய பதிப்புச் செயலி இருந்தாலோ அழிப்பு நடக்காமல் போகலாம். படம், வீடியோ என்றால் இன்னொரு சிக்கல்: கேலரியில் தானாகச் சேமிக்கும் அமைப்பு வைத்திருந்தால், அரட்டையில் அழிந்த படம் கேலரியில் இருக்கலாம். ஐபோனில் இது அதிகம் நடக்கிறது.

கேள்வி: 'இந்த மெசேஜ் நீக்கப்பட்டது' என்று வந்தாலும் அதில் என்ன இருந்தது என்று என் நண்பர் சொல்லிவிடுகிறார். எப்படி?

பதில்: நோட்டிஃபிகேஷன் வழியாக. ஆண்ட்ராய்டு 11 முதல் போனிலேயே 'நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி' என்று ஒன்று இருக்கிறது. செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குள் போய் அதை முன்கூட்டியே இயக்கி வைத்திருந்தால், கடந்த 24 மணி நேரத்தில் வந்த அறிவிப்புகள் எல்லாம் அங்கே கிடக்கும். மெசேஜ் அழிந்தாலும், அது வந்தபோது காட்டிய அறிவிப்பின் எழுத்து அங்கே நிற்கும். அரட்டையைத் திறந்து வைத்திருக்கும்போது வந்த மெசேஜுக்கு அறிவிப்பே வராது; அதனால் அது சிக்காது. நீளமான மெசேஜ் என்றால் முழுதாக இருக்காது.

இதே வேலையைச் செய்வதாகச் சொல்லும் 'அழித்த மெசேஜைப் படிக்கும்' செயலிகள் நிறைய உண்டு. தயவுசெய்து அவற்றைப் போடாதீர்கள். அவை கேட்பது எல்லா அறிவிப்புகளையும் படிக்கும் அனுமதி. வங்கியிலிருந்து வரும் ஓடிபியும் அதில்தான் வருகிறது. அடுத்தவர் அழித்த ஒரு வரியைப் படிக்கும் ஆசைக்கு இது மிகப் பெரிய விலை. ஏற்கெனவே போட்டிருந்தால், செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் அக்சஸ் பட்டியலைத் திறந்து அனுமதியை ரத்து செய்துவிட்டுச் செயலியை நீக்குங்கள்.

கேள்வி: மெசஞ்சர், இன்ஸ்டாகிராம், டெலிகிராம் எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதான் அழிகிறதா?

பதில்: இல்லை. பலர் ஏமாறுவது இங்கேதான்.

இன்ஸ்டாகிராமில் அரட்டைப் பட்டியலில் ஒரு பெயரைப் பிடித்து 'டெலீட்' கொடுத்தால் உங்கள் பக்கம் மட்டும் காலியாகும். எதிராளியிடம் ஒரு வரிகூடக் குறையாது. இரு பக்கமும் போக வேண்டுமானால் அரட்டைக்குள் போய், நீங்கள் அனுப்பிய மெசேஜ் ஒவ்வொன்றையும் பிடித்து அழுத்தி 'அன்சென்ட்' கொடுக்க வேண்டும். எத்தனை நாள் பழையதானாலும் இது வேலை செய்யும். 'நீக்கப்பட்டது' என்ற தழும்பும் அங்கே நிற்காது. ஆனால் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அன்சென்ட் செய்ய வழி இல்லை. 'மொத்தமாக அழித்துத் தருகிறோம்' என்று உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும் தளங்களிடம் போகாதீர்கள், கணக்கே கைமாறிவிடும்.

மெசஞ்சரிலும் அப்படியே: முழு அரட்டையை அழித்தால் உங்கள் பிரதி மட்டும். தனித்தனி மெசேஜை எல்லோருக்குமாக அன்சென்ட் செய்யலாம், ஆனால் நீங்கள் ஒரு மெசேஜைத் திரும்பப் பெற்றீர்கள் என்ற குறிப்பு தெரியும்.

டெலிகிராம்தான் இதில் தாராளம். இருவர் மட்டும் பேசும் அரட்டையில், யார் அனுப்பியதானாலும் எவ்வளவு பழையதானாலும் இரு பக்கமும் அழிக்கலாம். 2019 மார்ச்சிலிருந்து இந்த வசதி இருக்கிறது. அழிக்கும்போது 'இன்னாருக்கும் அழி' என்ற சிறு கட்டத்தில் டிக் போட வேண்டும்; அதை மறந்தால் உங்கள் பக்கம் மட்டும்தான் போகும். இதே உரிமை எதிராளிக்கும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். முக்கியமான ரசீதையோ ஒப்புக்கொண்ட தொகையையோ டெலிகிராம் அரட்டையில் மட்டும் வைத்திருக்காதீர்கள். அவர் ஒரு நாள் முழு அரட்டையையும் அழித்துவிட்டால் மீட்க வழியே இல்லை.

சிக்னல் என்ற அரட்டைச் செயலியில் எல்லோருக்குமாக அழிக்க 24 மணி நேரம் அவகாசம்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் ஓர் அரட்டையை முழுதாக அழித்தேன். போனை மாற்றியதும் அது திரும்ப வந்துவிட்டது!

பதில்: பேக்கப்பிலிருந்து வந்திருக்கிறது. நீங்கள் அழித்தது போனில் இருந்ததை. அழிப்பதற்கு முன் எடுத்த பேக்கப் கூகுள் கணக்கிலோ ஐக்ளவுடிலோ அப்படியே இருந்திருக்கும். புதுப் போனில் 'ரீஸ்டோர்' கொடுத்ததும் அந்தப் பழைய நிலை இறங்கிவிட்டது. அதனால் அழித்த கையோடு செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் என்று போய் புதிதாக ஒரு பேக்கப் எடுத்துவிடுங்கள். பழையதன் மேல் புதியது பதிந்துவிடும். அதே இடத்தில் எண்டு டு எண்டு என்க்ரிப்டட் பேக்கப்பையும் (உங்களிடம் இருக்கும் சாவியால் மட்டும் திறக்கும் பூட்டிய பேக்கப்) இயக்குங்கள். அதன் பாஸ்வேர்டையோ 64 எழுத்துச் சாவியையோ தொலைத்தால் வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் திறந்து தர முடியாது, எழுதி வையுங்கள்.

ஆண்ட்ராய்டில் இத்துடன் முடியவில்லை. போனின் உள் நினைவகத்தில் வாட்ஸ்அப் ஃபோல்டருக்குள் 'டேட்டாபேசஸ்' என்ற இடத்தில் கடந்த சில நாள்களின் பேக்கப் கோப்புகள் தேதியோடு கிடக்கும். உண்மையிலேயே அழிய வேண்டும் என்றால் பழைய தேதியிட்டவற்றை அங்கே நீக்க வேண்டும். மாறாக, தெரியாமல் அழித்த அரட்டையை மீட்க நினைப்பவருக்கு அந்தக் கோப்புகள்தான் துணை. அப்படியானால் முதல் வேலை, அடுத்த தானியங்கி பேக்கப் நடக்கும் முன் அதை நிறுத்துவது. பெரும்பாலும் அது பின்னிரவில் நடக்கும். 'நாளைக் காலை பார்த்துக்கொள்ளலாம்' என்று படுத்தால், அரட்டை இல்லாத நிலைதான் பேக்கப்பாகப் பதியும்.

படங்களையும் பாருங்கள். அரட்டையை அழிக்கும்போது, அதில் வந்த படங்களையும் போனிலிருந்து நீக்கவா என்று ஒரு டிக் கேட்கும். டிக் போடாவிட்டால் படங்கள் தங்கிவிடும். கூகுள் போட்டோஸுக்கு ஏறியிருந்தால் அங்கே தனியாக அழிக்க வேண்டும். அதன் குப்பைத்தொட்டியில் 60 நாள் கிடக்கும், அதையும் காலி செய்யுங்கள்.

கேள்வி: ஃபேஸ்புக் கணக்கையே நீக்கினால் நான் அனுப்பிய மெசேஜ்கள் போய்விடுமா?

பதில்: போகாது. பெற்றவர்களின் இன்பாக்ஸில் அவை இருக்கும். எவை போக வேண்டுமோ அவற்றைக் கணக்கு இருக்கும்போதே அன்சென்ட் செய்யுங்கள். தேவையானவற்றின் பிரதியைக் கணக்கு அமைப்பில் இருக்கும் தகவல் பதிவிறக்கப் பகுதியில் எடுத்துக்கொண்டு, கடைசியாக நீக்கும் விண்ணப்பத்தைக் கொடுங்கள். 30 நாளுக்குள் மறந்தாற்போல் ஒரு முறை உள்ளே நுழைந்து ரத்து செய்தால் விண்ணப்பம் செல்லாது. அதன் பிறகும் சர்வர்களிலிருந்து முழுதாக நீங்க 90 நாள் வரை ஆகலாம்.

கேள்வி: ஒருவர் எனக்கு மிரட்டலாகவும் அருவருப்பாகவும் எழுதுகிறார். பார்க்கவே பிடிக்கவில்லை, அழித்துவிடட்டுமா?

பதில்: அழிக்காதீர்கள் அம்மா. உங்கள் மனநிலை புரிகிறது. ஆனாலும் இப்போது உங்கள் கையில் இருக்கும் சான்று அதுதான். அவர் தன் பக்கத்திலிருந்து எல்லோருக்குமாக அழித்துவிடலாம், ஆகவே இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மெசேஜ் மட்டும் தெரிந்தால் போதாது. தேதி, நேரம் தெரிய வேண்டும். அவருடைய புரொஃபைலைத் திறந்து எண்ணோ கணக்குப் பெயரோ தெரியும்படி தனியாக ஒன்று எடுக்க வேண்டும். சேமித்த பெயர் மட்டும் தெரியும் படத்தால் அவர் யார் என்று நிறுவ முடியாது. வாட்ஸ்அப் என்றால் 'எக்ஸ்போர்ட் சாட்' மூலம் முழு அரட்டையையும் எடுத்து, நீங்கள் நம்பும் ஒருவரின் மின்னஞ்சலுக்கும் அனுப்பிவையுங்கள். அந்தக் கோப்பில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த வேண்டாம். தினமும் கண்ணில் படாமல் இருக்க அரட்டையை 'ஆர்க்கைவ்' செய்து, 'மியூட்' போட்டுவிடலாம்.

இவை முடிந்த பிறகு ரிப்போர்ட் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் செய்தால் அவர் கடைசியாக அனுப்பிய 5 மெசேஜ்கள் நிறுவனத்துக்குப் போகும். அவருக்கு அது தெரியாது. ரிப்போர்ட் பெட்டியில் 'பிளாக் செய்து அரட்டையையும் அழி' என்று ஒரு டிக் தானாகவே போட்டிருக்கலாம். அதை எடுத்துவிட்டு அழுத்துங்கள். பிளாக் செய்வதைப் பிறகு தனியாகச் செய்துகொள்ளலாம்.